வெப்பமண்டல மண் ஆராய்ச்சி: புதிதாக வருபவர் எங்கே தொடங்குவது, எதில் ஏமாறக் கூடாது

மண் ஆய்வுக்கூடங்களில் இன்று வழக்கத்தில் இருக்கும் சோதனைகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும், அங்குள்ள மண்ணை வைத்து உருவாக்கப்பட்டவை. அங்கே பல இடங்களில் பனிப்பாறை விலகிப் பத்துப் பதினைந்தாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன, பாறையிலிருந்து வந்த கனிமங்கள் இன்னும் மண்ணில் மிச்சம் இருக்கின்றன. வெப்பமண்டலத்தின் பழைய நிலப்பரப்புகளில் கதை வேறு. லட்சக்கணக்கான ஆண்டு மழையிலும் வெப்பத்திலும் கரைய வேண்டியதெல்லாம் கரைந்துபோய், கயோலினைட் என்ற களிக் கனிமமும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும்தான் தங்கியிருக்கும். இந்த மண்ணை எடுத்து அந்தச் சோதனையை அப்படியே செய்தாலும் கருவி ஓர் எண்ணைக் காட்டத்தான் செய்யும். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் பிரச்சினை.

முதுகலையிலோ முனைவர் பட்டத்திலோ இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கும், காட்டியல், வேளாண்மை, நுண்ணுயிரியல் பக்கத்திலிருந்து மண்ணுக்குள் எட்டிப் பார்ப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வேலை நடக்கும் வரிசையிலேயே போகலாம்.

படி 1: 'வெப்பமண்டல மண்' என்று ஒன்று இருப்பதாக நினைக்காதீர்கள்

அமெரிக்க மண் வகைப்பாட்டில் வெப்பமண்டலத்துக்குப் பொதுவான அடையாளம் என்று ஏதாவது சொல்லலாம் என்றால் அது வெப்பநிலைதான்: 50 செ.மீ. ஆழத்தில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள சராசரி வேறுபாடு 6 டிகிரி செல்சியஸுக்கும் குறைவாக இருக்கும். அவ்வளவுதான். மற்றபடி முற்றிலும் சிதைந்து முதிர்ந்த ஆக்சிசால், களி கீழிறங்கிய அமிலத்தன்மையுள்ள அல்டிசால், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் வகையான வெர்டிசால், எரிமலைச் சாம்பலில் பிறந்த ஆண்டிசால் எல்லாமே இந்த அட்சரேகைகளுக்குள் இருக்கின்றன. ஒன்றில் சரியாக வரும் முறை மற்றொன்றில் பொய் சொல்லும். உங்கள் மண் எது என்று தெரியாமல் சோதனையைத் தேர்வு செய்ய வேண்டாம்.

இரண்டு பழைய நம்பிக்கைகளையும் இங்கேயே கழற்றி வைத்துவிடலாம். ஒன்று, காட்டை வெட்டினால் வெப்பமண்டல மண் எல்லாம் செங்கல்லாக இறுகிவிடும் என்பது. பிரான்சிஸ் புக்கானன் 1807இல் வெளியான தன் பயண நூலில் மலபாரின் அங்காடிப்புரம் பகுதியில் வெட்டி எடுத்துக் காயவைத்துக் கட்டடம் கட்டும் மண்ணைப் பற்றி எழுதி, அதற்கு 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். அந்தக் குணம் உண்மைதான், ஆனால் அது பிளிந்தைட் என்ற இரும்பு செறிந்த குறிப்பிட்ட அடுக்கு உள்ள இடத்தில் மட்டும் நடப்பது. சிவப்பாக இருக்கும் மண்ணெல்லாம் லேட்டரைட் ஆகாது.

இரண்டாவது, வெப்பமண்டல மண்ணில் கரிமப் பொருளே கிடையாது என்பது. சிதைவு வேகம் அதிகம் என்பது சரி. ஜென்கின்சனும் அயனாபாவும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், கதிரியக்கக் கார்பன் ஏற்றிய புல்லை நைஜீரியாவின் இபாடானில் புதைத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் சிதைவதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் அது சிதைந்தது. ஆனால் செடி வளர்ந்து மண்ணில் சேரும் பொருளும் இங்கே அதிகம், களியும் ஆக்சைடும் கார்பனைப் பிடித்தும் வைத்துக்கொள்கின்றன. எனவே இருப்பு குறைவு என்று முன்கூட்டியே முடிவு கட்டாமல் அளந்து பாருங்கள்.

படி 2: கேள்வியைச் சுருக்குங்கள்

'இந்தப் பகுதி மண்ணின் வேதியியல், இயற்பியல், உயிரியல் பண்புகள்' என்பது தலைப்பு, கேள்வி அல்ல. இருபது பண்புகளை அளந்து ஓர் அட்டவணை போடும் ஆய்வுகள் ஏராளமாக வருகின்றன, அவற்றை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. 'இந்த மண்ணில் போட்ட பாஸ்பரஸ் ஏன் பயிருக்குப் போகவில்லை', 'மேய்ச்சல் நிலமாக மாறியபின் நீர் ஏன் உள்ளே இறங்கவில்லை' என்று கேளுங்கள். அளக்க வேண்டியவை ஐந்தாறாகக் குறைந்துவிடும், ஆனால் மூன்று துறைகளும் தாமாகவே உள்ளே வந்துவிடும்.

பிரேசிலின் செராடோ சவானாதான் இதற்குப் பிரபலமான உதாரணம். பயிருக்கு உதவாது என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட ஆக்சிசால் நிலம் அது. அலுமினிய நச்சும் பாஸ்பரஸ் பற்றாக்குறையும்தான் கட்டிப்போடுகின்றன என்று தெரிந்ததும், சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் இட்டுப் பார்த்தார்கள். இன்னொரு பக்கம் நுண்ணுயிரியலாளர் ஜொஹானா டோபரைனர் போன்றவர்கள், சோயாவுக்கு நைட்ரஜன் உரத்தை நம்பாமல், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தரும் ரைசோபிய பாக்டீரியாவை நம்பலாம் என்று நின்றார்கள். வேதியியலும் உயிரியலும் சேர்ந்தபோதுதான் அந்த நிலம் மாறியது. (அந்த வெற்றியில் எத்தனை இயற்கைச் சவானா அழிந்தது என்பது தனிக் கேள்வி, அதையும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.)

படி 3: ஆய்வுக்கூடத்துக்கு முன்னால் குழி

முதலில் வரைபடம். நெதர்லாந்தின் ஐ.எஸ்.ஆர்.ஐ.சி. நிறுவனம் தரும் சாயில்கிரிட்ஸ் உலகம் முழுக்க 250 மீட்டர் கட்டங்களில் மண் பண்புகளை இலவசமாகக் காட்டுகிறது. எங்கே போவது என்று திட்டமிட அது போதும். ஆனால் அது கணிப்பு, அளவீடு அல்ல. உங்கள் தோட்ட அளவுக்கு அதை இறக்கி மேற்கோள் காட்டினால் மதிப்பீட்டாளர் சும்மா விடமாட்டார்.

அப்புறம் குழி வெட்டுங்கள். துளைக்கருவியை மட்டும் வைத்து ஒப்பேற்றலாம் என்று தோன்றும், வேண்டாம். குறைந்தது ஒரு குழியாவது ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை வெட்டி, சுவரைக் கத்தியால் கீறிச் சுத்தம் செய்து, நின்று பாருங்கள். மழை பெய்த பிறகு ஆழக் குழிக்குள் தனியாக இறங்காதீர்கள், சுவர் சரியும்.

குழியில் பார்க்க வேண்டியது முதலில் நிறம். மன்செல் வண்ண அட்டையை ஈர மண்ணோடு ஒப்பிடுங்கள். இரும்பு ஆக்சைடுகளில், கருஞ்சிவப்பு என்றால் ஹெமடைட், மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் கோதைட் தூக்கலாக இருக்கிறது. சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தால் அந்த அடுக்கில் ஆண்டின் ஒரு பகுதியில் நீர் தேங்கி, இரும்பு ஒடுக்கமடைந்து கரைந்து போயிருக்கிறது. சாய்ந்த, மெருகேறிய வழுக்குப் பரப்புகள் தெரிந்தால் அது விரிந்து சுருங்கும் வெர்டிசால். சிவப்பு மஞ்சள் திட்டுத் திட்டான அடுக்கு ஈரத்தில் கத்திக்கு வெட்டுப்பட்டு, வெயிலில் மாறி மாறி நனைந்து காய்ந்தபின் திரும்ப இளகாமல் இறுகினால் அதுதான் மேலே சொன்ன பிளிந்தைட்.

விரலால் மண்ணைப் பிசைந்து நயம் (மணல், வண்டல், களி விகிதம்) சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் ஆக்சிசாலில் ஏமாந்து போவார்கள். 60% களி இருந்தாலும் மணல் கலந்த மண் மாதிரி உதிரும், ஏனென்றால் இரும்பு ஆக்சைடு களியைச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டி வைத்திருக்கும். நீர் விட்டு நிறைய நேரம் பிசைந்துகொண்டே இருந்தால்தான் ஒட்டத் தொடங்கும். இந்த உருண்டைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இயற்பியல் பகுதியில் மறுபடி வரும்.

படி 4: மாதிரி எடுப்பது

ஓர் இடத்துக்கு 15 முதல் 20 துளைகளாவது போட்டு, ஒரே ஆழத்தில் எடுத்துக் கலந்து ஒரு கூட்டு மாதிரி. கறையான் புற்று, பழைய எரிப்புக் குவியல், மாடு கட்டிய இடம், மரத்தடி இவற்றைத் தவிர்க்க வேண்டும், அல்லது அவற்றைத் தனி மாதிரியாக எடுக்க வேண்டும். கறையான் ஆழத்துக் களியை மேலே கொண்டு வந்து கொட்டுகிறது, புற்று மண் ஒரு பிடி கலந்தாலே களியும் கால்சியமும் மாறிவிடும்.

காட்டையும் பக்கத்து வயலையும் ஒப்பிடுவது இந்தத் துறையில் மிகப் பிரியமான வடிவமைப்பு. அதில் ஒரு பொறி இருக்கிறது: மக்கள் எப்போதுமே நல்ல மண்ணைத்தான் முதலில் வெட்டிப் பயிரிடுவார்கள், மிஞ்சிய காடு சரிவிலோ சரளையிலோ நிற்கும். ஆகவே இரண்டு இடத்திலும் 60 செ.மீ.க்குக் கீழே களி விகிதத்தை ஒப்பிடுங்கள். ஆழத்திலேயே வேறுபட்டால் அது பயிரிட்டதால் வந்த மாற்றம் இல்லை, அந்த ஜோடியைக் கைவிடுவது நல்லது.

எடுத்த மாதிரியை அன்றே மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றை நிழலில் காயவைத்து 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள், பெரும்பாலான வேதியியல் சோதனைக்கு அது. ஒன்று ஈரமாகவே 4 டிகிரியில், நுண்ணுயிர்ச் செயல்பாட்டுக்கு. மரபணு வேலை உண்டென்றால் ஒரு சிறு பகுதி உறைநிலைக்கு. ஆண்டிசால் என்றால் மட்டும் விதி வேறு. அதிலுள்ள அல்லோஃபேன் என்ற படிகமாகாத கனிமம் ஒருமுறை முழுதாகக் காய்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது, நயமும் நீர்ப்பிடிப்பும் மொத்தமாக மாறிவிடும். அதை ஈரமாகவே சோதித்து, ஈரப்பதத்தைத் தனியே அளந்து கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

பைக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, பென்சிலில். மழைக்காடு பேனா மையை மதிக்காது.

படி 5: வேதியியல்

மலிவான, ஆனால் அதிகம் பேசும் சோதனையிலிருந்து தொடங்கலாம்: பி.எச். ஆனால் இரண்டு முறை அளக்க வேண்டும், ஒன்று நீரில், மற்றொன்று 1 மோலார் பொட்டாசியம் குளோரைடில். சாதாரணமாகப் பொட்டாசியம் குளோரைடில் வரும் எண் அரை முதல் ஓர் அலகு வரை குறைவாக இருக்கும். வித்தியாசம் சுழியை நெருங்கினாலோ, நீரில் வந்ததைவிட அதிகமாகவே வந்தாலோ உட்கார்ந்து யோசியுங்கள். அந்த அடுக்கில் நேர்மின்னூட்டம் எதிர்மின்னூட்டத்துக்குச் சமமாக, அல்லது மேலாக, இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட ஆழ்மண் நைட்ரேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 'நைட்ரேட் நீரோடு அடித்துக்கொண்டு போய்விடும்' என்று பாடநூலில் படித்தது அங்கே பாதிதான் உண்மை. மேற்குக் கென்யாவில் சோள வயல்களுக்கு அடியில் இப்படி நைட்ரேட் சேர்ந்திருப்பதையும், ஆழ வேர்விடும் மரங்கள் அதை மேலே இழுப்பதையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

காரணம், இங்கே மின்னூட்டம் நிலையானது அல்ல. ஸ்மெக்டைட் களியின் எதிர்மின்னூட்டம் படிகத்துக்குள்ளேயே பிறந்தது, பி.எச். மாறினாலும் பெரிதாக மாறாது. கயோலினைட்டின் விளிம்பிலும் ஆக்சைடுகளின் பரப்பிலும் கரிமப் பொருளிலும் உள்ள மின்னூட்டமோ பி.எச். ஏறினால் எதிர்மின் பக்கம் கூடும், இறங்கினால் குறையும். சரி, இதில் என்ன சிக்கல்? நேரயனிப் பரிமாற்றத் திறனை, அதாவது சி.இ.சி.யை, அளக்கப் பெரும்பாலான கூடங்கள் பயன்படுத்துவது பி.எச். 7இல் நிலைநிறுத்திய அம்மோனியம் அசிடேட்டை. உங்கள் மண்ணின் பி.எச். 4.8 என்றால், கரைசலே அதை 7க்கு ஏற்றி, வயலில் இல்லாத மின்னூட்டத்தை உருவாக்கி, அதையும் சேர்த்து எண்ணிவிடும். வயலில் உண்மையில் இருப்பது தெரிய வேண்டுமானால் பயனுறு சி.இ.சி. வேண்டும்: பரிமாற்றக் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் இவற்றோடு பொட்டாசியம் குளோரைடில் வெளிவரும் அலுமினியத்தைக் கூட்டினால் போதும். வகைப்பாட்டுக்கு முதல் எண் தேவைப்படும் (ஆக்சிக் அடுக்கு என்று சொல்ல, ஒரு கிலோ களிக்கு 16 சென்டிமோலோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும்). உர ஆலோசனைக்கும் தாவர ஊட்டத்துக்கும் இரண்டாவது. எது என்று கட்டுரையில் எழுதுங்கள், வெறுமனே 'சி.இ.சி.' என்று போடுகிறவர்கள் படிப்பவரைப் பாடாய்ப் படுத்துகிறார்கள்.

அந்தப் பரிமாற்ற அலுமினியத்தைப் பயனுறு சி.இ.சி.யால் வகுத்தால் அலுமினிய நிறைவு விகிதம் கிடைக்கும். பி.எச். 5.5க்குக் கீழே இறங்கும்போது அலுமினியம் கரையத் தொடங்கி வேர் நுனியைக் கருக்குகிறது. சுண்ணாம்புத் தேவையைக் கணக்கிட நடைமுறையில் எளிய வழி, பரிமாற்ற அலுமினியத்தை 1.5ஆல் பெருக்குவது. ஒரு கிலோ மண்ணில் 2 சென்டிமோல் என்றால் பெருக்கிய விடை 3. ஒரு ஹெக்டேரில் மேல்மண் 20 லட்சம் கிலோ என்று வைத்தால் அது 3 டன் தூய கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். குறிக்கோள் அலுமினியத்தை அடக்குவதுதான், பி.எச்.ஐ 7க்குக் கொண்டுபோவது இல்லை. அப்படி ஏற்றினால் துத்தநாகமும் மாங்கனீசும் கிடைக்காமல் போவதோடு மண்ணின் கட்டமைப்பும் கெடலாம்.

பாஸ்பரஸ் இன்னும் தந்திரமானது. ஓல்சன் முறை (1954) சுண்ணாம்பு மண்ணுக்காக வந்தது, பிரே முறை (1945) அமில மண்ணுக்கு. பிரேசிலில் பிசின் முறை பரவலாக இருக்கிறது, மெஹ்லிக் கரைசல்களும் உண்டு. ஒரு முறையில் வந்த எண்ணை இன்னொரு முறையின் 'குறைவு, நடுத்தரம், அதிகம்' அட்டவணையில் வைத்துப் பார்க்கக் கூடாது, இவ்வளவு எளிய தவறை அச்சான கட்டுரைகளிலும் பார்க்கலாம். அதைவிட முக்கியம், இருப்பை அளப்பது ஒன்று, மண் எவ்வளவு பாஸ்பரஸை விழுங்கும் என்பது வேறொன்று. இரண்டாவதற்கு ஃபாக்ஸும் காம்ப்ராத்தும் 1970இல் சொன்ன வழி இன்றும் நல்லது: 0.01 மோலார் கால்சியம் குளோரைடில் படிப்படியாகக் கூடும் பாஸ்பரஸ் அளவுகளை மண்ணோடு சேர்த்து, ஆறு நாள் வைத்து, தினம் இரண்டு வேளை குலுக்கி, கரைசலில் லிட்டருக்கு 0.2 மி.கி. மிஞ்சுவதற்கு எவ்வளவு இட வேண்டியிருந்தது என்று பார்ப்பது. மணற்பாங்கான அல்டிசாலுக்கும் சிவந்த களி ஆக்சிசாலுக்கும் இடையிலான வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரியும், ஆண்டிசால் இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

இந்த விழுங்கலுக்குப் பொறுப்பு இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள்தான். ஆகவே டைத்தியோனைட்டில் கரையும் இரும்பையும், இருட்டில் செய்யும் ஆக்சலேட் சாறில் கரையும் இரும்பு, அலுமினியத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னது ஆக்சைடு மொத்தத்தைச் சொல்லும், பின்னது படிகமாகாத, அதிக வினைத்திறன் உள்ள பகுதியைச் சொல்லும். பணத்துக்குத் தட்டுப்பாடு என்றால் நுண்ணூட்டப் பட்டியலை வெட்டிவிட்டு இதைச் செய்யலாம் என்பது என் கருத்து. பாஸ்பரஸ், மண் உருண்டைகள், கார்பன் பாதுகாப்பு, ஏன், மரபணு சரியாகப் பிரிந்து வராதது வரைக்கும் இந்த ஒரே விஷயம் விளக்கம் தரும்.

கார்பனுக்கு வருவோம். வாக்லி-பிளாக் முறை 1934இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து சூடாக்காததால் கார்பன் முழுக்க ஆக்சிஜனேற்றம் ஆவதில்லை, ஏறத்தாழ 77% மட்டுமே ஆகிறது என்று வைத்துக்கொண்டு திருத்தக் காரணியால் பெருக்குகிறோம். அந்தச் சதவீதம் மண்ணுக்கு மண், ஆழத்துக்கு ஆழம் மாறும். கரித்துண்டு அதில் அவ்வளவாகப் பிடிபடாது, ஆகவே எரித்துப் பயிரிட்ட நிலத்திலும் அமேசானின் 'டெர்ரா பிரேட்டா' கருமண்ணிலும் இந்த முறை கணிசமான பகுதியைத் தவறவிடும். அதோடு ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் என்ற நச்சுக் கழிவு வேறு. உலர் எரிப்புக் கருவி கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். அமில மண்ணில் கார்பனேட் இருக்காது, எனவே மொத்தக் கார்பனே கரிமக் கார்பன், இந்த விஷயத்தில் மட்டும் நமக்கு வேலை எளிது.

அடுப்பில் எரித்து எடை குறைவதைப் பார்க்கும் முறையை மட்டும் களிமிக்க ஆக்சிசாலில் செய்யாதீர்கள். அலுமினிய ஹைட்ராக்சைடான ஜிப்சைட் 300 டிகிரியை நெருங்கும்போதே தன் கட்டமைப்பிலுள்ள நீரை விடுகிறது, கோதைட்டும் அதையொட்டி விடும், கயோலினைட் 500 டிகிரி வாக்கில் விடும். அந்த நீரெல்லாம் உங்கள் கணக்கில் 'கரிமப் பொருள்' ஆகிவிடும்.

படி 6: இயற்பியல்

இங்கே பெரிய தொல்லை நயம்தான். சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட்டில் ஊறவைத்து, குலுக்கி, ஹைட்ரோமீட்டரை இறக்குவது வழக்கம். படி 3இல் சொன்ன உருண்டைகள் இதற்கெல்லாம் அசையாது. உடையாத உருண்டை வண்டலாகவும் நுண்மணலாகவும் எண்ணப்பட்டு, களி குறைத்துக் காட்டப்படும். ஆக்சிசாலில் 30% வண்டல் என்று முடிவு வந்தால் முதலில் களி முழுதாகச் சிதறியதா என்று சந்தேகப்படுங்கள், அவ்வளவு முதிர்ந்த மண்ணில் வண்டல் வழக்கமாகக் குறைவு. குலுக்கும் நேரத்தைக் கூட்டலாம், பிரேசிலில் செய்வதுபோல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சிதறலூக்கியாகப் பயன்படுத்தலாம். ஒரு குறுக்குச் சரிபார்ப்பும் இருக்கிறது: 1500 கிலோபாஸ்கல் இழுவிசையில் (பயிர் வாடிப்போகும் வறட்சி நிலை) மண்ணில் நிற்கும் நீரின் சதவீதத்தைக் களிச் சதவீதத்தால் வகுங்கள், 0.6க்கு மேல் வந்தால் களி முழுதாகப் பிரியவில்லை என்பதற்கு வாய்ப்பு அதிகம்.

அதே உருண்டைகள்தான் நீரின் நடத்தையையும் தீர்மானிக்கின்றன. உருண்டைகளுக்கு இடையே பெரிய துளைகள், உள்ளே மிக நுண்ணிய துளைகள். மழை மணலில் இறங்குவதுபோல் இறங்கிவிடும், உள்ளே சிக்கிய நீரை வேரால் உறிஞ்ச முடியாது. நடுவில், பயிருக்குப் பயன்படும் நீர் கொஞ்சம்தான். செராடோவில் மழைக்காலத்தின் நடுவே 'வெரானிகோ' என்ற சில வார வறட்சி வந்தால் களிமண் வயலிலேயே பயிர் வாடுவது இதனால்தான், அடியில் உள்ள அலுமினியம் வேரை ஆழம் போகவிடாததும் சேர்ந்துகொள்ளும். வயல் கொள்ளளவுக்கு, அதாவது மிகுதி நீர் வடிந்தபின் மண்ணில் நிற்கும் நீருக்கு, 33 கிலோபாஸ்கல் என்று பாடநூல் சொல்வதை இங்கே அப்படியே எடுக்காமல், 10 கிலோபாஸ்கலிலோ அதற்கும் குறைவான இழுவிசையிலோ அளந்து பாருங்கள். முடிந்தால் வயலையே நனைத்து, மூடிவைத்து, இரண்டு நாள் கழித்து மண் எடுத்துப் பாருங்கள், அதுதான் நேர்மையான எண்.

பருமனடர்த்திக்கு (ஒரு கன செ.மீ. மண்ணின் உலர் எடை) உலோக வளையத்தை ஈர மண்ணில் இறக்கி எடுத்து 105 டிகிரியில் உலர்த்துவது எல்லா இடத்திலும் உள்ளதுதான். வெர்டிசாலில் மட்டும் எந்த ஈரத்தில் எடுத்தீர்கள் என்பதைக் குறிக்காமல் விட்டால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை, மண்ணே சுருங்கி விரிகிறதே. நீர் ஊடுருவலுக்கு இரட்டை வளையம் போதும். ஆனால் ஒரு வளையம் கறையான் சுரங்கத்தின் மேல் உட்கார்ந்தால் பக்கத்து வளையத்தைப்போலப் பத்து மடங்கு காட்டும். அதைப் பிழை என்று தூக்கி எறியாதீர்கள், எண்ணிக்கையைக் கூட்டிப் பெருக்கல் சராசரியைப் பயன்படுத்துங்கள்.

ஈரச் சல்லடையில் திரள் உறுதியை, அதாவது மண் உருண்டைகள் நீரில் உடையாமல் நிற்கின்றனவா என்று, பார்க்கும் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை: ஆக்சிசாலில் எல்லா மாதிரியும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும், வித்தியாசம் தெரியாது. அந்த நேரத்தை வேறு எதிலாவது செலவிடலாம்.

படி 7: உயிரியல்

எப்போது எடுத்தீர்கள் என்பதுதான் இங்கே பாதி விடை. கென்யாவில் வேலை செய்த எச். எஃப். பர்ச் 1958இல் காட்டியபடி, காய்ந்த மண் நனைந்தவுடன் நுண்ணுயிர்ச் சுவாசமும் நைட்ரஜன் வெளியீடும் திடீரென்று உச்சத்துக்குப் போய் இறங்கும். முதல் மழைக்கு முந்தின நாள் எடுத்த மாதிரியையும் மறுநாள் எடுத்ததையும் ஒப்பிட்டு 'நில மேலாண்மையின் விளைவு' என்று எழுதினால் அது மழையின் விளைவு. எல்லா இடத்தையும் ஒரே ஈரநிலையில், முடிந்தவரை ஒரே வாரத்துக்குள் எடுங்கள். ஆய்வுக்கூடத்திலும் சலித்த மண்ணை உரிய ஈரத்தில் ஒரு வாரம் போல் அமைதியாக வைத்துவிட்டுச் சோதியுங்கள்.

நுண்ணுயிர் உயிர்த்திரளுக்குக் குளோரோஃபார்ம் புகையூட்டிச் சாறெடுக்கும் முறை நல்லது. புகையூட்டி அடைகாக்கும் பழைய முறை மிகுந்த அமில மண்ணில் சரியாக வராது. ஒரே மண்ணில் ஒரு பங்குக்கு 24 மணி நேரம் புகையூட்டி, மறு பங்குக்கு ஊட்டாமல், இரண்டையும் 0.5 மோலார் பொட்டாசியம் சல்ஃபேட்டில் சாறெடுத்து, கார்பன் வித்தியாசத்தை 0.45ஆல் வகுப்பார்கள். குளோரோஃபார்ம் வேலை எப்போதும் நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள்தான்.

கண்ணுக்குத் தெரியும் உயிர்களை மறந்துவிடாதீர்கள், வெப்பமண்டலத்தில் அவைதான் மண்ணைப் புரட்டுகின்றன. வெப்பமண்டல மண் உயிரியல் மற்றும் வளத் திட்டம் பரப்பிய முறையில், 25 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள மண் கட்டியை வெட்டி எடுத்து, பத்துப் பத்து செ.மீ. அடுக்காகத் தட்டில் கொட்டி, கையால் பொறுக்க வேண்டும். கிடைத்த எண்ணிக்கையை 16ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு. மழைக்காலத்தின் பிற்பகுதி நல்ல நேரம். மண்புழு நிறைய இருந்தால் மண் நலமாக இருக்கிறது என்று எழுதத் துடிக்கும் கையை மட்டும் கொஞ்சம் அடக்குங்கள்: பிரேசிலின் அமேசான் பகுதியிலுள்ள மானாஸ் அருகே காட்டை அழித்த மேய்ச்சல் நிலங்களில் பொண்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ருரஸ் என்ற ஒரே புழு பெருகி, அதன் எச்சமே மேல்மண்ணை இறுக்கி நீர் இறங்காமல் செய்ததை 1999இல் வெளியிட்டார்கள். எத்தனை என்பதோடு எந்த இனம் என்பதும் வேண்டும்.

சிதைவு வேகத்துக்கு இலைப்பை முறையோ, தேநீர்ப் பை முறையோ. பச்சைத் தேயிலை, ரூயிபோஸ் பைகளை 8 செ.மீ. ஆழத்தில் 90 நாள் புதைத்து எடை பார்ப்பதால் பல நாடுகளின் எண்களோடு ஒப்பிட முடியும். கறையான் உள்ள இடத்தில் பையே ஓட்டையாகிவிடும், தேவைக்கு இரண்டு மடங்கு புதையுங்கள். மரபணுப் பிரித்தெடுப்பில், சிவந்த களிமண் டி.என்.ஏ.வை ஒட்டிப் பிடித்துக்கொண்டு குறைவாகவே விடும். அதனால் டி.என்.ஏ. குறைவாகக் கிடைப்பதை 'உயிர்ப் பன்மை குறைவு' என்று படித்துவிடக் கூடாது, மண் சேர்க்காத வெற்றுக் கட்டுப்பாட்டையும் கூடவே ஓட்டுங்கள்.

படி 8: எண்களைக் கணக்காக்கும்போது

ஒரே வயலில் பத்து இடத்தில் எடுத்த மாதிரி பத்து மீள்செய்கை ஆகாது, அது ஒரு வயல். இதை வடிவமைக்கும்போதே புள்ளியியல் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள், மாதிரி எடுத்தபின் அவராலும் எதுவும் செய்ய முடியாது.

கார்பன் இருப்புக் கணக்கில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று. காட்டில் கார்பன் 2.5%, பருமனடர்த்தி 0.9. மேய்ச்சலில் 2.0%, அடர்த்தி 1.2. இரண்டுக்கும் 20 செ.மீ. ஆழம் என்று பெருக்கினால் காடு ஹெக்டேருக்கு 45 டன், மேய்ச்சல் 48 டன். ஆகா, மாடு கார்பனைச் சேர்த்துவிட்டது! உண்மையில் மாடு மண்ணை மிதித்து இறுக்கியிருக்கிறது, அதே 20 செ.மீ.க்குள் இப்போது அதிக மண் இருக்கிறது, அவ்வளவே. காட்டின் 1800 டன் மண்ணுக்குச் சமமாக மேய்ச்சலில் 15 செ.மீ. மட்டும் எடுத்தால் 36 டன்தான். சம எடை முறையில் கணக்கிடுங்கள், சரளைக்கல் இருந்தால் அதன் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பத்து மாதிரிக்கும் ஒன்று இரட்டையாக, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு வெற்றுச் சோதனையும் தெரிந்த மதிப்புள்ள ஒரு மண்ணும். உணவு வேளாண்மை அமைப்பின் குளோசோலன் வலையமைப்பு, பல சோதனைகளுக்குச் செய்முறை ஆவணங்களை இலவசமாகத் தருகிறது. உங்கள் கூடத்தில் கையால் எழுதி ஒட்டியிருக்கும் செய்முறையை அதோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

படி 9: எல்லை தாண்டும் மண்

மாதிரியை வேறு நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நினைத்தால், பெறும் நாட்டின் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதி முதலில் கையில் இருக்க வேண்டும். பல நாடுகள் வெளிமண்ணை அனுமதியில்லாமல் உள்ளேயே விடாது, வந்த பெட்டியை அழித்துவிடுவார்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிரைப் பயன்படுத்தும் ஆய்வென்றால், 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையில் சேர்ந்த நாடுகளில் மாதிரி கொடுக்கும் நாட்டின் முன் ஒப்புதலும் பயன் பகிர்வு ஒப்பந்தமும் தேவைப்படலாம். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை இது, குழி வெட்டுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்பத்தில் மாதிரி எண்ணிக்கையையும் எடையையும் கொஞ்சம் கூட்டியே கேளுங்கள், உலர் எரிப்புக்கும் மீள்சோதனைக்கும் ஒதுக்கியது போக ஒவ்வொரு மாதிரியிலும் கால் கிலோவாவது காய்ந்த மண் மூடியிட்ட குடுவையில் உங்களிடமே இருக்க வேண்டும்.